இசைவும் ஆலோசனையும்: ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழக மாணவரின் இரு போராட்டங்கள்

பரீட்சை மண்டபத்திலே மேற்பார்வையாளர் ஒருவர் நின்று பரீட்சார்த்திகளைக் கவனித்தல் நெடுநாள் வழக்கம். அதனைத் தம் உரிமைக்கு நேர்ந்த ஊறாக மாணவர் கருதியதில்லை. மண்டபம் பல்கலைக்கழகத்துக்கு உரியது. மேற்பார்வையாளரோ, தாம் பிறரைக் காண்பதுபோலத் தாமும் பிறராற் காணப்படுபவர். பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் கட்டப்பட்டதும் அவர் கண்டவை யாவும் அவருடனேயே போய்விடும். அவருடைய இடத்திலே கணினி அமர்த்தப்பட்டபோது இம்மூன்று நிலைமைகளும் ஒருங்கே மாறின. மண்டபத்துக்குப் பதிலாக மாணவரின் படுக்கையறை பரீட்சைக் களமாயிற்று, காண்பவர் காணப்படாதவராயினர், கண்டவை யாவும் பதிவாகி எங்கோ ஓரிடத்திற் சேமிக்கப்பட்டன. இம்மாற்றத்தை மாணவரைக் கேளாமலே செய்ய ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டோ என்னும் வினா 2020ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தின் ஆம்ஸ்ரடாம் நகர நீதிமன்றத்தின் முன் வந்தது.

வினா கணினியைப் பற்றியது போலத் தோன்றினும் அதன் வேர் கணினிக்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. எப்பாடங்களைக் கற்பது, எத்துறைகள் நிலைத்திருப்பது, அவற்றை யார் தீர்மானிப்பது என்பன பற்றி அதே நகரத்தின் அதே பல்கலைக்கழகத்தில் மாணவர் 1969இலும் 2015இலும் போராடியுள்ளனர். கண்காணிப்பு வழக்கிலே நீதிபதி புரட்டிப் பார்த்த சட்டம் அப்போராட்டங்களின் வழிவந்த சட்டமே. ஆதலின் முன்னதை அறியாது பின்னதை விளங்கிக்கொள்ளல் அரிது.

ஆம்ஸ்ரடாமின் உயர்கல்வி 1632இல் நிறுவப்பட்ட அதீனியம் என்னும் கல்விக்கழகத்தோடு தொடங்குகின்றது. அது 1877இற் பல்கலைக்கழகமாயிற்று. நகரத்தின் நடுவே, ஸ்பொய் என்னும் சதுக்கத்தின் ஓரத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கத்தோலிக்க அநாதைப் பெண்பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட பெரிய மாளிகை ஒன்றுண்டு. மாக்டென்ஹொய்ஸ், அதாவது கன்னியர் இல்லம், என்பது அதன் பெயர். பிற்காலத்தில் அது பல்கலைக்கழக ஆட்சிப் பீடத்தின் இருப்பிடமாயிற்று. மாணவர் கிளர்ச்சி என்றவுடன் ஒல்லாந்து மக்கள் நினைவுகூர்வது இம்மாளிகையையே.

1968இற் பாரிசிலே மூண்ட கிளர்ச்சியின் அலை மறு ஆண்டில் ஒல்லாந்தை எட்டியது. 1969 ஏப்பிரலிலே தில்பேர்க் நகரத்து உயர்கல்லூரியை மாணவர் கைப்பற்றி, அதற்குக் கார்ல் மார்க்சின் பெயரைச் சூட்டினர். மே மாதத்தில் ஆம்ஸ்ரடாம் மாணவர் பல நூற்றுவர் மாக்டென்ஹொய்ஸினுட் புகுந்து ஐந்து நாள் அதனைத் தம் வசம் வைத்திருந்தனர். பொலிசார் வாயில்களை அடைத்தபோது, பக்கத்துக் கட்டடத்துக்கும் மாளிகைக்கும் இடையே சந்தின் மேலாக மரப்பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வழியே உணவும் ஆட்களும் போய்வந்தன. ஈற்றிற் பொலிசார் எல்லோரையும் வெளியேற்றினர். நூற்றுக்கணக்கானோர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது.

அம்மாணவர் வேண்டியது கட்டணக் குறைப்பன்று, விடுதி வசதியுமன்று. ஆட்சியிலே உடனிருந்து தீர்மானிக்கும் உரிமையையே அவர்கள் வேண்டினர். பேராசிரியர் ஒருவர் தம் துறையில் எதனை எப்படிக் கற்பிப்பார் என்பது அதுகாறும் அவருடைய தனியாட்சிக்கு உட்பட்டதாக இருந்தது. அத்தனியாட்சியே தாக்கப்பட்டது. தாக்கியவர் தோற்றவராய்ச் சிறைக்கூண்டு வண்டியில் ஏறினும், அவர்கள் கேட்டதின் பெரும்பகுதியை அரசு மறு ஆண்டிலேயே கொடுத்தது. அமைச்சர் வெறிங்கா கொணர்ந்த 1970ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆட்சிச் சீர்திருத்தச் சட்டம் மாணவரும் ஆசிரியரும் அலுவலரும் அமர்ந்த பேரவைகளுக்குத் தீர்மானிக்கும் அதிகாரத்தையே வழங்கியது. ஐரோப்பாவில் அக்காலத்தில் இத்துணை விரிந்த உரிமை பெற்ற மாணவர் சிலரே.

உரிமை கிடைத்தமை ஒன்று. அது நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பது வேறொன்று. கூட்டங்கள் நீண்டன, எவரும் பொறுப்பேற்காத நிலை தோன்றியது என்று குறைகூறுவோர் தொகை பெருகிற்று. அக்குறையிற் பாதி உண்மை. மறு பாதி, கேள்வி கேட்கப்படுவதை விரும்பாதோர் எக்காலத்தும் கூறுவது. எவ்வாறாயினும், 1997இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதிகாரத்தை மீண்டும் மேலே கொண்டு சென்றது. ஆட்சிக் குழு என்னும் சிறு குழுவிடம் தீர்மானங்கள் ஒப்படைக்கப்பட்டன. மாணவர் மன்றங்கள் ஒழிக்கப்படவில்லை; ஆனால் அவற்றின் கையிலிருந்த வாள் பறிக்கப்பட்டு, இரு சிறு கருவிகள் அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இசைவுரிமை, மற்றொன்று ஆலோசனையுரிமை.

இவ்விரண்டினதும் வேறுபாடு இக்கட்டுரையின் பொருளுக்கு உயிர்நாடியானது. ஒரு விடயம் இசைவுரிமைக்கு உட்பட்டதாயின், மன்றம் இசையாதவரை ஆட்சிக் குழு அதனை எளிதில் நிறைவேற்றல் இயலாது. ஆலோசனையுரிமைக்கு உட்பட்டதாயின், ஆட்சிக் குழு மன்றத்தைக் கேட்க வேண்டும். கேட்டபின் தான் எண்ணியபடி செய்யலாம். இவ்விரண்டிற்கும் உட்படாத விடயமாயின் கேட்கவே வேண்டியதில்லை. எனவே பல்கலைக்கழகத்தில் எழும் ஒவ்வொரு பிணக்கிலும் முதல் வினா, செய்யப்பட்டது நன்றோ தீதோ என்பதன்று. அது மூன்றனுள் எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்பதேயாம்.

ஆளப்படுவோரின் இசைவு என்பது ஒல்லாந்தரின் ஆவணங்களிலே யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய ஓரிடத்திலும் காணப்படுவது இங்கு நினைக்கத்தக்கது. தேசவழமையை 1707இற் கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தபோது, அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் சரியென ஒப்பிய பின்னரே அது ஏற்கப்பட்டது. குடியேற்ற ஆட்சியில் இது விதிவிலக்கான நிகழ்ச்சியே. அப்பன்னிருவரும் குடிகளாற் றெரிந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். எனினும், பிறருடைய வாழ்வை ஒழுங்குசெய்யும் விதியை அப்பிறரிடம் ஒருமுறையேனும் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் அவ்வாட்சியாளர்க்கு அந்நியமாக இருக்கவில்லை என்பதற்கு அது சான்று.

இனி 2015ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நோக்கலாம். ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தின் மானிடவியற் கலைகள் பீடம் பணமுடையில் இருந்தது. பீடத்துக்கு வரும் பணம் மாணவர் தொகையையும் அவர்கள் பெறும் பட்டங்களின் தொகையையும் பெரிதும் சார்ந்தது. மொழி, இலக்கியம் கற்க வருவோர் தொகை குறைந்தால் துறையின் வருவாயும் குறையும். இதற்கு மருந்தாகப் பீடத்தின் தலைமை 2014இல் ஒரு திட்டம் வகுத்தது. ‘புறொபீல் 2016’ என்பது அதன் பெயர். மாணவர் தொகை குறைந்த மொழித்துறைகள் பலவற்றைத் தனித்தனிப் பட்ட நெறிகளாக நடத்தாது, பரந்த ஒரு நெறியினுள் அடக்குவது அதன் கருத்துக்களில் ஒன்று.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இதிலே தெரிவு விரிவதுபோலத் தோன்றும். ஒரு மொழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்றாண்டு இருப்பதைவிடப் பல பாடங்களிலும் சுவைபார்ப்பது விரிவன்றோ என்று திட்டத்தை ஆதரித்தோர் வினவலாம். மாணவர் கண்டது வேறு. ஒரு மொழியை முறையாகப் பயின்று அதன் இலக்கியத்தினுட் புகுவதற்கு ஆண்டுகள் வேண்டும். அதற்குரிய ஆசிரியர்கள் வேண்டும். தனித்துறை கலைந்தபின் அவ்வாசிரியர் ஓய்வுபெறும்போது அவருடைய இடத்துக்கு வேறொருவர் வருவார் என்பதற்கு உறுதியில்லை. பத்துப் பாடங்களின் முன்னுரைகளைக் கற்கும் சுதந்திரம், ஒரு பாடத்தை முடிவுவரை கற்கும் சுதந்திரத்தை விழுங்கிவிடும். அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1869 முதல் நாற்பதாண்டு தலைவராயிருந்த சாள்ஸ் எலியட் பாடத்தெரிவு முறையைப் பரப்பியபோதும், மாணவர் பலர் தொடக்கநிலைப் பாடங்களிலேயே அலைகின்றனர் என்ற குறையே எழுந்தது; அவருக்குப் பின் வந்தவர் அம்முறையைச் சுருக்கி, ஒரு துறையில் ஆழ்ந்து கற்றலைக் கட்டாயமாக்கினார். தெரிவு என்பது கடைத்தெருவிற் பொருள் தேர்வது போன்றதன்று. தேர்ந்தெடுப்பதற்குரிய பொருளை எவரேனும் ஆண்டுக்கணக்காக ஆக்கிக் காத்து வந்தாலன்றி அங்கே தேர்வதற்கு ஒன்றுமிராது.

மனுக்களும் கூட்டங்களும் பயனளிக்காத நிலையில், 2015 பெப்ரவரி 13ஆந் தேதி மாணவர் சிலர் பீடத்துக்குரிய புங்கஹொய்ஸ் என்னும் கட்டடத்தைக் கைப்பற்றினர். பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 100,000 யூரோ தண்டம் விதிக்குமாறு அது நீதிமன்றத்தைக் கேட்டது. தன் மாணவரிடம் ஒரு கல்விக்கழகம் கேட்ட தொகை இது என்பதை நாட்டு மக்கள் நம்ப மறுத்தனர். அதுகாறும் புங்கஹொய்ஸ் எங்குள்ளது என்று அறியாதோரும் மாணவர் பக்கம் சாய்ந்தனர். நீதிபதி கட்டடத்தை விடுமாறு கட்டளையிட்டார். ஆனால் தண்டத்தை 1,000 யூரோவாகக் குறைத்தார். பெப்ரவரி 24இற் பொலிசார் கட்டடத்தை மீட்டனர்.

மறுநாள் மாலை எதிர்ப்பு ஊர்வலமாக வந்தோர் மாக்டென்ஹொய்ஸின் கதவைத் தள்ளிக்கொண்டு உட்புகுந்தனர். நாற்பத்தாறு ஆண்டுக்கு முன் நடந்தது மீண்டும் நடந்தது. நகரத் தலைவர் வான் டெர் லான் தாமே அங்கு சென்று மாணவரோடு பேசினார். இம்முறை பிடி ஐந்து நாளோடு முடியவில்லை. ஏப்பிரல் 11வரை நீடித்தது. ஆசிரியர் பலரும் மாணவரோடு சேர்ந்தனர். உள்ளே விரிவுரைகள் நடந்தன. பட்டங்களையும் தேர்ச்சி வீதங்களையும் எண்ணி அவற்றாலேயே கல்வியை அளக்கும் போக்கைக் குறிக்க ‘றெண்டமென்ற்ஸ்டெங்கன்’ என்றொரு சொல் நாடெங்கும் பரவியது. விளைவுக்கணக்குச் சிந்தனை என்று அதனைத் தமிழிற் கூறலாம். மாணவர் முன்வைத்த வேண்டுகோள்களில் ‘புறொபீல் 2016’ கைவிடப்படுதல் ஒன்றாகும். ஆட்சி மக்களாட்சி முறைக்கு வருதலும், அதிகாரம் பீடங்களுக்கும் துறைகளுக்கும் பரவலாக்கப்படுதலும் ஏனையவற்றுட் தலையாயவை.

ஏப்பிரல் 11இற் பொலிசார் மாக்டென்ஹொய்ஸை வெறுமையாக்கினர். அப்போது அங்கே மாணவரும் ஆசிரியரும் ஒழுங்குசெய்த அறிவியல் விழா ஒன்று நடந்துகொண்டிருந்தமையால் வெறுப்பு மிகுந்தது. ஒரு வாரத்துள் ஆட்சிக் குழுத் தலைவி லூயிஸ் குனிங் பதவி விலகினார். மக்களாட்சியையும் பரவலாக்கத்தையும் ஆராயக் குழுவொன்று அமைக்கப்பட்டு, அது 2016இல் அறிக்கை அளித்தது. பிடிக்கப்பட்ட புங்கஹொய்ஸோ பின்னர் ஒரு பெருங் கழகத்தின் விடுதியாக மாறி, 2018இல் விருந்தினருக்குத் திறக்கப்பட்டது.

இக்கிளர்ச்சி நடந்த காலத்தை அடுத்துச் சட்டமும் சற்று மாறியது. பல்கலைக்கழக வரவுசெலவுத் திட்டத்தின் பெருங்கூறுகளுக்கு மன்றங்களின் இசைவு வேண்டும் என்னும் விதி 2015இல் வந்தது. பாடநெறிக் குழு என்பது ஒவ்வொரு பட்ட நெறிக்கும் உரியதாய், ஆசிரியரும் மாணவரும் சமமாக அமர்வது. அதற்கு 2017 செப்டெம்பர் முதல், கற்பித்தல் பரீட்சை விதிகளின் சில பகுதிகளில் இசைவுரிமை அளிக்கப்பட்டது. எப்பாடம் எவ்வாறு கற்பிக்கப்படும் என்பதிலே 1997இல் இழந்ததின் ஒரு துண்டை மாணவர் மீளப்பெற்றனர் எனலாம். அவ்விதிகளின் பெயரிலே ‘பரீட்சை’ என்னும் சொல்லும் இருந்தமை பின்னர் வழக்குக்கு வாய்ப்பாயிற்று.

2020 மார்ச்சிலே கொவிட்-19 பெருந்தொற்றால் ஒல்லாந்தின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரையைக் கணினித் திரைக்கு மாற்றுதல் எளிதாயிற்று. பரீட்சையை மாற்றுதல் எளிதாகவில்லை. கட்டுரை வடிவிலும் வாய்மொழியாகவும் நடத்தக்கூடியன அவ்வாறு நடத்தப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் எழுதும் பாடங்களுக்கு அம்முறை பொருந்தவில்லை. அவற்றுக்காகப் பல்கலைக்கழகம் ‘புறொக்ரோறியோ’ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளைத் தெரிந்தெடுத்தது.

அம்மென்பொருள் இயங்கும் முறையைச் சுருக்கமாக அறிதல் நன்று. மாணவர் தம் சொந்தக் கணினியின் இணைய உலாவியிலே அதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரீட்சை தொடங்குமுன் அடையாள அட்டையைக் கமராவுக்குக் காட்ட வேண்டும். கேட்கப்படின் அறையையும் சுற்றிக் காட்ட வேண்டும். பின்னர் முகமும் குரலும் திரையும் பதிவாகும். முகம் திரையை விட்டு அடிக்கடி விலகின், அல்லது இரண்டாவது முகம் தோன்றின், அதனைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய ஐயத்தின் அளவையும் அது கணித்துக் கூறும். தீர்ப்பு ஆசிரியருடையதே, மென்பொருள் விரல் நீட்டுவதோடு நிற்கும். நிறுவனங்கள் இதனை அடிக்கடி எடுத்துக்கூறுவதுண்டு. ஆயினும், இருநூறு பேரின் பதிவுகளிலே பத்துப் பேருக்கு மட்டும் சிவப்புக் குறி இடப்பட்டிருக்கும்போது, ஆசிரியர் எந்தப் பத்தை முதலிற் பார்ப்பார் என்பதை எவரும் ஊகிக்கலாம். சிந்திக்கும்போது கூரையை நோக்கும் பழக்கம் உள்ளவர் எவ்வகுப்பிலும் உண்டு.

மத்திய மாணவர் மன்றம் வேறு சிலரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தது. அதன் வாதங்கள் இரண்டு. முதலாவது, இம்மாற்றம் கற்பித்தல் பரீட்சை விதிகளைத் தொடுவதாகையால் மாணவரின் இசைவு பெற்றிருத்தல் வேண்டும். இரண்டாவது, வீட்டினுள்ளே பதிவு செய்தல் 2018 மே முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியத்துக்கு முரண்பட்டது.

2020 யூன் 11ஆந் தேதி நீதிமன்றம் இரண்டு வாதங்களையும் தள்ளியது. பரீட்சையை எக்கருவியால் நடத்துவது என்னும் தீர்மானத்துக்கு மன்றத்தின் முன்னிசைவைச் சட்டம் வேண்டவில்லை என்று நீதிபதி கண்டார். பட்டம் வழங்குதல் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் விதித்த பொதுக் கடமை. அப்பட்டத்துக்கு மதிப்பு இருக்கவேண்டுமாயின் பரீட்சை நேர்மையாய் நடத்தல் வேண்டும். மண்டபங்கள் மூடப்பட்ட காலத்தில் இதனினும் மெல்லிய வழி போதியதாய் இல்லை. ஆதலின் தரவுகளைப் பதிவு செய்தல் அக்கடமைக்கு இன்றியமையாதது என்பது இரண்டாவதற்குரிய விடை. 2021 யூனில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதனையே உறுதிப்படுத்தியது.

இத்தீர்ப்பிலே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. பல்கலைக்கழகம் மாணவரின் இசைவைத் தன் செயலுக்கு ஆதாரமாகக் காட்டவில்லை. பொதுக் கடமையையே ஆதாரமாகக் காட்டியது. இசைவை ஆதாரமாகக் கொண்டால் இசைவு மறுக்கப்படலாம் என்பது அதற்குத் தெரியும். தரவு விதியத்தின் கீழே தனி மாணவரின் இசைவு வேண்டப்படவில்லை. பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழே மன்றத்தின் இசைவும் வேண்டப்படவில்லை. இரு வாயில்களும் சட்டப்படி முறையாகவே அடைக்கப்பட்டன. பெருந்தொற்றின் நெருக்கடியில் வேறு தீர்ப்பை எதிர்பார்த்தல் கடினம் என்பதும் உண்மை. பட்டத்தின் மதிப்பைக் காத்தல் நேர்மையாக எழுதும் மாணவருக்கும் நன்மையே. ஆயினும், கேட்கத் தேவையில்லை என்று சட்டம் கூறுவதால் கேட்டல் தகாது என்பது பெறப்படாது. 2015இல் தலைவி ஒருவரை இழந்த பல்கலைக்கழகம் இதனை ஐந்தாண்டுள் மறந்தமை வியப்பாகவே உள்ளது.

இசைவைத் தேடிச் சென்ற ஒரு பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததும் அறியற்பாலது. இத்தாலியின் மிலான் நகரத்துப் பொக்கோனிப் பல்கலைக்கழகம் ‘றெஸ்பொண்டஸ்’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்தி, மாணவர் ஒப்புதல் அளித்துள்ளனர் என்பதைத் தன் சார்பிற் கூறியது. மாணவர் ஒருவரின் முறைப்பாட்டை ஆராய்ந்த இத்தாலியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரபீடம், பரீட்சை எழுதுவதா விடுவதா என்னும் நிலையில் நிற்பவர் கொடுக்கும் ஒப்புதல் கட்டற்ற ஒப்புதலன்று எனத் தீர்த்தது; 2021 செப்டெம்பரில் 200,000 யூரோ தண்டமும் விதித்தது. முகத்தை ஆராயும் முறைக்குத் தக்க சட்ட ஆதாரம் இல்லாமையும், தரவுகள் அமெரிக்காவுக்குச் சென்றமையும் குற்றங்களாகக் காணப்பட்டன. ஆம்ஸ்ரடாமிற் கேளாதவர் வென்றனர். மிலானிற் கேட்டவர் தோற்றனர். கேட்டவர் தோற்றது கேட்டமையாலன்று, மறுக்கமுடியாதவரிடம் கேட்டமையால்.

அமெரிக்காவிலே வழக்கு வேறு பாதையிற் சென்றது. அங்கே தரவு விதியம் இல்லை. வீட்டைக் காரணமின்றிச் சோதனையிடலாகாது என்னும் அரசியலமைப்பின் நான்காந் திருத்தம் உண்டு. ஒகாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து அரச பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்ற மாணவர் ஒருவர் 2021 பெப்ரவரியிலே தம் வீட்டிலிருந்து பரீட்சை எழுதினார். அறையைக் கமராவாற் சுற்றிக் காட்டவேண்டும் என்னும் அறிவித்தல் பரீட்சை நாளன்று அவருக்கு வந்தது. அறையிலே அந்தரங்கமான ஆவணங்கள் கிடந்தன, அவற்றை ஒதுக்கிவைக்க நேரமில்லை என்று அவர் மறுமொழி அனுப்பினார், ஆயினும் காட்டினார். பின்னர் வழக்குத் தொடுத்தார். 2022 ஓகஸ்டில் அவ்வூர்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், அவ்வாறு சுற்றிக் காட்டச் செய்தல் அரசியலமைப்பு கூறும் சோதனையே என்றும், அது நியாயமற்றது என்றும் தீர்ப்பளித்தது. எல்லோரும் அங்ஙனமே செய்கின்றனர் என்ற எதிர்வாதம் எடுபடவில்லை.

பாடத்தெரிவுக்கும் கண்காணிப்புக்கும் உள்ள உறவு இவ்வழக்கிலேதான் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது. அறையைக் காட்டச் சொல்வதா விடுவதா என்பதை அப்பல்கலைக்கழகம் அந்தந்த ஆசிரியரின் விருப்புக்கு விட்டிருந்தது. விரும்பாத மாணவர் வேறு பாடம் எடுக்கலாமே என்பார்க்கு விடை இதுதான்: பட்டத்துக்கு வேண்டிய பாடத்தை விட்டுவிடுதல் தெரிவன்று, எப்பாடத்திலே எந்த ஆசிரியர் எதனைக் கேட்பார் என்று முன்கூட்டி அறியாதவருக்குத் தெரிவு என்பதே இல்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுப் பட்டயத்தின்பின் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கியபோது, மாணவர் எங்கே யாரிடம் எவ்வாறு படித்தார் என்பதைக் கேளாது, குறித்த நாளிற் குறித்த மண்டபத்தில் எழுதியதை மட்டுமே நோக்கியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன் இந்நாட்டிற் பட்டம் பெற்றோர் பலர் அம்முறையின் பயனைத் துய்த்தவரே. வீட்டில் மாணவருக்கு முழுச் சுதந்திரம், மண்டபத்தில் முழுக் கட்டுப்பாடு என்னும் தெளிந்த எல்லை அதில் இருந்தது. வீடே மண்டபமானபோது அழிந்தது அந்த எல்லையாகும்.

பெருந்தொற்று ஓய்ந்து மண்டபங்கள் திறந்தபின்னரும் கமராக்கள் தாமாக விலகவில்லை. லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழகம் 1575இல் நிறுவப்பட்டது. ஒல்லாந்தில் மிகப் பழையது. அங்கே விரிவுரை மண்டபங்களின் வாயில்களில் ஆட்களை எண்ணுவதற்கெனக் கமராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. தொற்றுக் காலத்தில் அறைகளிற் கூட்டம் மிகாது பார்க்க அவை வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். அவை 371 என்பதையும், எண்ணுவதற்கு மேலும் செய்யவல்லவை என்பதையும் அப்பல்கலைக்கழகத்தின் ‘மாற’ என்னும் வார ஏடு 2021 நவம்பரில் வெளிப்படுத்தியது. மாணவர் தெருவில் இறங்கினர். டிசெம்பரில் ஆட்சிக் குழு அவற்றை நிறுத்தியது. நீதிமன்றம் செல்லாமல், ஓர் ஏட்டின் சில பக்கங்களாலும் சில நாள் ஆர்ப்பாட்டத்தாலும் அது முடிந்தது. இசைவுரிமைக்கு உட்பட்டதா அன்றா என்று எவரும் அங்கே பெட்டி தேடவில்லை.

ஆம்ஸ்ரடாமில் இரண்டாவது பல்கலைக்கழகம் ஒன்றும் உண்டு. ஆபிரகாம் கைப்பர் 1880இல் நிறுவிய சுதந்திரப் பல்கலைக்கழகம் என்பது அது. அதுவும் புறொக்ரோறியோவைப் பயன்படுத்தியது. அங்கு உயிரியற் றகவலியலில் முதுமாணி பயின்ற கறுப்பின மாணவி ஒருவர், பரீட்சைக்கு நுழையும்போதெல்லாம் மென்பொருள் தம் முகத்தைக் காணவில்லை என்று அறிந்தார். அறையிலே வெளிச்சம் போதாது என்று அது கூறியது. முகத்துக்கு நேரே விளக்கொன்றைப் பிடித்துக்கொண்டே அவர் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. அவர் பல்கலைக்கழகத்திடம் முறையிட்டார். தக்க விடை வரவில்லை. 2022 யூலையில் ஒல்லாந்தின் மனித உரிமைகள் நிறுவகத்திடம் சென்றார்.

அவருக்கிருந்த இடர்ப்பாடு பெரிது. மென்பொருளின் உள்ளே யாது நிகழ்கின்றது என்பதை அவர் காண இயலாது, காணக்கூடியவர் நிறுவனத்தாரே. தான் காணாததைத் தானே நிறுவுமாறு ஒருவரைக் கேட்டல் நீதியாகுமோ? 2022 டிசெம்பரில் நிறுவகம் இடைக்காலத் தீர்ப்பளித்தது. கருமையான தோலுடையார் முகங்களை இத்தகைய மென்பொருள்கள் குறைவாகவே கண்டறிகின்றன என்னும் ஆய்வுகளையும் மாணவியின் அனுபவத்தையும் சேர்த்து நோக்கின், பாகுபாடு நிகழ்ந்தது எனக் கருத இடமுண்டு. நிகழவில்லை என்று நிறுவும் பொறுப்பு இனிப் பல்கலைக்கழகத்தினுடையது. அதற்குப் பத்து வாரத் தவணை என்று அது கூறியது. கணினி முறையொன்றின் பாகுபாடு பற்றி ஒல்லாந்தில் இத்தகைய முடிவு அதற்குமுன் வந்ததில்லை.

பல்கலைக்கழகம் பரீட்சைப் பதிவுகளைக் கொண்டுவந்தது. 2023 ஒக்டோபரில் இறுதித் தீர்ப்பு வந்தபோது, இம்மாணவி நுழையப் பட்ட இடர் பிறர் பட்டதிலும் மிக்கதென அப்பதிவுகள் காட்டவில்லை என்றும், மென்பொருளால் அவர் பாகுபடுத்தப்பட்டார் என நிறுவப்படவில்லை என்றும் நிறுவகம் கண்டது. ஆனால் தீர்ப்பு அங்கே முடியவில்லை. இனப்பாகுபாடு பற்றிய முறைப்பாடு ஒன்று வந்தபோது பல்கலைக்கழகம் அதனைக் கவனமாக ஆராயாது தட்டிக்கழித்தது. அவ்வாறு கையாண்டமை தானே சமத்துவச் சட்டத்தை மீறிய பாகுபாடாகும் என்று நிறுவகம் தீர்த்தது.